மான் வேட்டை: நகர்வது மானா, மனிதனா?

நவம்பர் பிற்பகுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சினிலோ பென்சில்வேனியாவிலோ வேலை பார்க்கும் தமிழர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அலுவலகத்தில் சில நாற்காலிகள் திடீரென்று காலியாகிவிடும். கேட்டால் 'மான் சீசன்' என்பார்கள். விஸ்கான்சினில் துப்பாக்கி சீசன், நவம்பர் நான்காம் வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாள் நடக்கும். பென்சில்வேனியாவில் அது பல ஆண்டுகளாகத் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது. 2019 முதல் சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை கிராமப்புறப் பள்ளிகள் பலவற்றுக்கு இன்னும் விடுமுறைதான்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்றாலே வழக்கு, சிறை. அங்கே அது உரிமம் எடுத்து, சீசன் பார்த்து, இத்தனை மான்தான் என்ற கணக்குக்குள் செய்யும் காரியம். விடுப்பு முடிந்து வந்தவர்கள் ஸ்டாண்ட், டிரைவ், ஸ்டாக் என்று பேசிக்கொள்வது புதிதாகக் கேட்பவருக்குப் பிடிபடாது. இதெல்லாம் என்ன, ஒன்றுக்கொன்று என்ன வேறுபாடு என்று ஓரளவு சொல்லிப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் அதிகம் வேட்டையாடப்படுவது வெள்ளைவால் மான். ஓடும்போது வாலைத் தூக்கும், அடியில் பளிச்சென்று வெள்ளை தெரியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தை வேட்டையாலும் காடழிப்பாலும் அதன் எண்ணிக்கை சுமார் 5 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. சட்டத்தை மீறி வேட்டையாடிய விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. நீளத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் உள்ள 11 சதவீத வரியை 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் காட்டுயிர் மீட்புக்குத் திருப்பிவிட்டது. இன்று அங்கே ஏறத்தாழ 3 கோடி மான்கள். ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் ஒழிந்துபோன நிலையில், மானின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பு வேட்டைக்காரர் தலையில் விழுந்திருக்கிறது.

எந்த முறையாக இருந்தாலும் வேட்டைக்காரனுக்கு முன் இருக்கும் சிக்கல் ஒன்றுதான்: மானுக்குத் தெரியாமல் மானுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மானின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்பக்கம் கொஞ்சம் தவிர எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். அசைவை உடனே பிடித்துவிடும். நிறத்தில்தான் கோட்டைவிடும். சிவப்பைப் பிரித்தறியும் செல்கள் அதன் கண்ணில் கிடையாது. அதனால்தான் ஒருவரையொருவர் தவறிச் சுட்டுவிடாமல் இருக்க வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடுப்பு போட்டுக்கொண்டு தைரியமாகக் காட்டுக்குள் போகிறார்கள். மானுக்கு அது மங்கலான ஒரு மஞ்சள்தான். (2016இல் விஸ்கான்சின் பளீர் இளஞ்சிவப்பையும் அனுமதித்தது.) ஆனால் நீலமும் புறஊதாவும் அதற்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆகவே துணியை வெளுப்பாகக் காட்டும் சோப்புத்தூளில் வேட்டை உடுப்பைத் துவைக்க மாட்டார்கள். அந்தப் பொடி புறஊதா ஒளியில் மின்னும்.

கண்ணை ஏமாற்றலாம். அசையாமல் இருந்தால் காதையும் ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்ற முடியாது. மனித வாடை ஒரு முறை காற்றில் போய்ச் சேர்ந்துவிட்டால் மான் இரண்டாம் யோசனை செய்யாது. முன்காலைத் தரையில் ஓங்கி மிதிக்கும், மூக்கால் உரக்கச் சீறும், வாலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வாடையைக் குறைக்கும் சோப்பு, தெளிப்பான், கரி சேர்த்த துணியில் தைத்த உடுப்பு என்று பெரிய வியாபாரமே நடக்கிறது. என் பார்வையில் அதில் பாதி காசுக்குக் கேடு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் இருப்பதற்கு நிகரான மருந்து இல்லை. வேட்டைக்காரர்கள் சட்டைப்பையில் ஒரு சின்னப் பொடிக்குப்பி வைத்திருப்பார்கள். ஒரு பீச்சு பீச்சினால் பொடி எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று தெரிந்துவிடும்.

மலைப்பாங்கான இடத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. காலையில் வெயில் பட்டுச் சரிவு சூடாக ஆகக் காற்று மேல்நோக்கி ஏறும். மாலையில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தை நோக்கி வழியும். எனவே காலையில் மான் வரும் பாதைக்கு மேலேயும் மாலையில் அதற்குக் கீழேயும் இருக்க வேண்டும். வானிலைச் செயலியில் மேற்குக் காற்று என்று போட்டிருந்தாலும் பள்ளத்தாக்கு தன் போக்கில்தான் நடக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் முறைகளெல்லாம் ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள் என்று தெரியும். யார் நகர்வது? மனிதன் அசையாமல் இருந்து மானை வரவிடலாம். மான் இருக்கும் இடத்துக்கு மனிதன் போகலாம். அல்லது வேறு யாரையாவது வைத்து மானைக் கிளப்பிவிடலாம்.

முதலாவதுதான் இன்று அங்கே மிகப் பரவலானது. ஸ்டாண்ட் என்பது நம் பரண்தான். மரத்தில் 5, 6 மீட்டர் உயரத்தில் ஓர் இருக்கை. ஏணியோடு சேர்ந்தது உண்டு, பட்டை போட்டுக் கட்டுவது உண்டு, ஆளோடு சேர்ந்து மரத்தில் படிப்படியாக ஏறும் இருக்கையும் உண்டு. உயரம் எதற்கு? கீழே நடக்கிற மானின் பார்வைக்கோட்டுக்கு மேலே இருக்கலாம். வாடையும் ஓரளவு தலைக்கு மேலேயே போய்விடும். தரையில் சின்னக் கூடாரம் போலப் போட்டுக்கொண்டு உட்காருவதும் இதே வகைதான். குழந்தைகளை அழைத்துப்போகிறவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். உள்ளே கொஞ்சம் நெளிந்தாலும் வெளியே தெரியாது.

பரண் வேட்டையில் உழைப்பெல்லாம் உட்காருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மான் பகலில் அடர்ந்த புதரில் படுத்து அசை போடும், அந்தியிலும் விடியலிலும் மேயப்போகும். படுக்கும் இடத்துக்கும் மேயும் இடத்துக்கும் நடுவில் பாதை எங்கே குறுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வயலுக்கு நடுவே ஒடுங்கிய மரவரிசை, ஓடையில் இறங்கக்கூடிய ஒரே இடம், முகட்டில் ஒரு தாழ்வு என்று எதுவாகவும் இருக்கலாம். ஆண் மான் கொம்பைத் தேய்த்துப் பட்டை உரிந்த மரங்கள், குளம்பால் கீறி மூத்திரம் பெய்து வைத்த மண் திட்டுகள் இவையெல்லாம் துப்பு. அக்டோபரில் ஓக் மரங்கள் விதை உதிர்க்கத் தொடங்கினால் நேற்றுவரை சோயா வயலுக்குப் போன மான் இன்று போகாது. போன வாரத் துப்பை நம்பிப் பரண் கட்டினவன் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

வடக்கு மாநிலங்களில் நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் உச்சத்துக்கு வரும். அதைத் தீர்மானிப்பது பகல் பொழுதின் நீளம். சுமார் 200 நாள் சினைக்குப் பிறகு மே கடைசியில், ஜூனில் புல் செழித்திருக்கும்போது குட்டி பிறக்க வேண்டும் என்பது இயற்கையின் கணக்கு. இந்த இரண்டு மூன்று வாரம் ஆண் மான்கள் பெண் மானைத் தேடி நடுப்பகலிலும் அலையும். ஆண் மானின் உறுமலைப் போல ஒலிக்கும் ஊதுகுழலை ஊதுவதும், இரண்டு கொம்புகளை மோதிச் சண்டைச் சத்தம் எழுப்புவதும் அப்போதுதான் பலிக்கும். ஆண் மான்கள் நிறைய இருந்து போட்டி கடுமையாக உள்ள தென் டெக்சாஸ் கொம்பு மோதலுக்குப் பேர்போன இடம். பெண் மான்கள் மிகுந்து ஆண் மான்கள் குறைந்த காட்டில் அதே சத்தத்துக்கு எதுவும் திரும்பிப் பார்க்காது.

பரணில் ஆபத்து துப்பாக்கியால் வருவதைவிட விழுவதால்தான் அதிகம். ஏறுவதற்கு முன்பே பாதுகாப்புக் கச்சையைக் கட்டிக்கொண்டு, தரையிலிருந்து மேலே வரை கயிற்றோடு பிணைந்திருக்க வேண்டும் என்பது முதல் பாடம். ஆயுதத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது. குண்டு நீக்கிய துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்க வேண்டும்.

இரண்டாவது வகையில் மனிதன் நடக்கிறான். இதிலேயே மூன்று கிளை உண்டு.

ஸ்டில் ஹன்டிங் என்பது அடர்ந்த காட்டுக்குள் எதிர்காற்றில் அடிமேல் அடி வைத்துப் போவது. இரண்டு மூன்று எட்டு வைப்பார்கள், ஒரு மரத்தை ஒட்டி நிற்பார்கள், பல நிமிடம் பார்ப்பார்கள், பிறகு அடுத்த எட்டு. ஒரு மணி நேரத்தில் நூறு மீட்டர் நடந்தால் அதுவே வேகம் என்பார்கள். முழு மானைத் தேடினால் கிடைக்காது. செங்குத்தான மரங்களுக்கு நடுவே படுக்கைவசமாக ஒரு கோடு தெரிந்தால் அது மானின் முதுகாக இருக்கலாம். ஒரு காது துடிப்பு, கறுத்த மூக்கு நுனி, தொண்டையின் வெள்ளை, இவைதான் கண்ணில் படும். மழை பெய்து இலை நனைந்திருக்கும் நாளும் காற்று லேசாக அடித்துக் கிளைகள் சலசலக்கும் நாளும் இதற்கு ஏற்றவை. வறண்ட நாளில் உதிர்ந்த ஓக் இலைமேல் நடப்பது பொரித்த அப்பளத்தின் மேல் நடப்பது மாதிரி, காடு முழுக்கக் கேட்கும். எல்லா முறைகளிலும் கடினமானது இதுதான் என்பது என் எண்ணம். காட்டைப் பற்றி அதிகம் கற்றுத்தருவதும் இதுதான். வெறுங்கையோடு திரும்பும் நாட்களும் இதில்தான் அதிகம்.

பனி விழுந்தால் அதே காட்டில் தடம் பிடித்துப் போகலாம். மெய்ன், வெர்மான்ட், நியூயார்க்கின் அடிராண்டாக் மலைகள் போல வேலியில்லாத பெருங்காடுகளில் இது ஒரு மரபு. விடிந்ததும் புதிதாகப் பதிந்த பெரிய குளம்படி ஒன்றைத் தேடிப்பிடித்து, மானைக் காணும்வரை அதன் பின்னாலேயே நடப்பார்கள். தடம் நேர்கோட்டில் போகும்வரை வேகமாகப் போகலாம். அங்கும் இங்கும் வளைந்து மேயத் தொடங்கிவிட்டால் மான் படுக்கப்போகிறது, பக்கத்தில்தான் இருக்கிறது என்று பொருள். அங்கிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மெக்சிகோவின் ராராமுரி மக்கள் இதன் எல்லைக்கே போனவர்கள். மான் களைத்து விழும்வரை குழுவாக ஓடித் துரத்துவார்கள்.

மூன்றாவது கிளை ஸ்பாட் அண்ட் ஸ்டாக்: தொலைவில் பார்த்துவிட்டுப் பதுங்கி நெருங்குவது. திறந்தவெளி வேண்டும். கொலராடோ, வயோமிங் பக்கம் நீண்ட காதுள்ள மியூல் மானை இப்படித்தான் பிடிப்பார்கள். முகட்டில் உட்கார்ந்து முக்காலி போட்ட தொலைநோக்கியால் சரிவு சரிவாக மணிக்கணக்கில் அலசுவார்கள். மான் படுத்ததும் அது எழுந்திருப்பதற்குள் பள்ளங்களை மறைவாக்கிச் சுற்றிப்போய் நெருங்க வேண்டும். கிளம்பிய இடத்திலிருந்து பார்த்த பாறை, பக்கத்தில் போனதும் வேறு உருவத்தில் தெரியும். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மானைத் தொலைப்பார்கள். ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் செம்மானை வேட்டையாடுவதும் இதே முறைதான். ஈரப் புல்லில் வயிற்றால் ஊர்ந்து போவார்கள், கூட வழிகாட்டி ஒருவர் இருப்பார். இது மிகப் பழைய கலையும்கூட. புளோரிடாவின் திமுகுவா மக்கள் மான் தோலைத் தலையோடு போர்த்திக்கொண்டு மான்களை நெருங்கும் காட்சி, பிரெஞ்சு ஓவியர் லெ மொய்னின் படத்தை வைத்து 1591இல் வெளியான செதுக்கோவியத்தில் இருக்கிறது.

நம் புள்ளிமானும் இங்கே வருகிறது. 1860களில் ஹவாய்க்குக் கொண்டுபோகப்பட்டது, 1930களில் டெக்சாஸுக்கும் போனது. இரண்டு இடத்திலும் பெருகி, இன்று அங்கே அதுவும் வேட்டை விலங்கு. கூட்டமாக மேய்வதால் அதைப் பதுங்கி நெருங்குவது பெரும்பாடு. ஒன்றின் கண்ணுக்குத் தப்பினாலும் மற்றவற்றின் கண்ணுக்குத் தப்ப முடியாது.

மூன்றாவது வகை கலைப்பு வேட்டை. டிரைவ் என்பது இதுதான். ஊரில் காட்டுப்பன்றியைக் கலைப்பதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதல்ல. சிலர் புதருக்குள் வரிசையாக நடந்து வருவார்கள், மற்றவர்கள் மான் தப்பி வெளியேறும் வழிகளில் நிற்பார்கள். 1615இல் பிரெஞ்சுப் பயணி சாம்ப்ளேன், இன்றைய ஒன்டாரியோவில் ஹூரான் மக்களோடு தங்கியிருந்தபோது இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். காட்டில் இரு பக்கமும் மரவேலி அடித்து, அகன்ற வாயிலிருந்து ஒடுங்கிய முனைக்கு மான்களைக் கத்திக் கூச்சலிட்டு ஓட்டிக்கொண்டு வருவார்களாம். அது விளையாட்டு அல்ல, ஊரின் குளிர்காலச் சாப்பாடு.

பென்சில்வேனியா, விஸ்கான்சின் குடும்பங்களில் கலைப்பு இன்றும் உண்டு. அங்கே அது முக்கால்வாசி உறவுக்கூடல். தாத்தா பாதைமுனையில் நிற்பார், கால் வலுவுள்ள பேரப்பிள்ளைகள் புதருக்குள் நடப்பார்கள். பகலில் படுத்துக் கிடக்கும் மானைச் சுடும் தூரத்துக்குள் கொண்டுவர இதைவிடச் சுருக்கமான வழியில்லை. ஆனால் வருவது ஓடும் மான். குறி தப்பும், தப்பினாலும் பரவாயில்லை, படக்கூடாத இடத்தில் பட்டுவிட்டால் மோசம். புதருக்குள் மனிதர்களும் இருக்கிறார்கள். நடப்பவர்கள் பக்கம் சுடவே கூடாது, வைத்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்ற விதிகளை முன்பே பேசிக்கொள்ளாத குழுவோடு புதியவர் சேரவே வேண்டாம் என்பேன். பென்சில்வேனியாவில் ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே உண்டு. ஜெர்மானியர்கள் இதைக் கொஞ்சம் பதப்படுத்தியிருக்கிறார்கள். சத்தமில்லாமல் மெதுவாக நடந்து மானை எழுப்பிவிடுவார்கள். அது ஓடாமல் நடந்தே வரும், உயர்ந்த இருக்கைகளில் இருப்பவர்கள் நிதானமாகக் குறிபார்க்கலாம்.

மனிதருக்குப் பதில் நாயை விட்டுக் கலைப்பது தெற்கு மாநிலங்களின் வழக்கம். சதுப்பும் முள்ளும் மண்டிய காட்டில் மனிதன் நடந்து மானை எழுப்ப முடியாது என்பது அதற்கு அவர்கள் சொல்லும் நியாயம். அதில் உண்மையும் இருக்கிறது. வர்ஜீனியாவில் புளூ ரிட்ஜ் மலைக்குக் கிழக்கே பெரும்பாலும் அனுமதி, மேற்கே இல்லை. டெக்சாஸ் 1990இல் தடை செய்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் நாய்க்கூட்டத்தால் மானைத் துரத்துவதை நிறுத்தியது. அமெரிக்கத் தெற்கில் சண்டை வருவது பெரும்பாலும் நிலத்தை வைத்து. நிலம் சின்னச் சின்னத் துண்டாகிக்கொண்டே போகிறது, நாய்க்கு வேலி எல்லை தெரியாது. பக்கத்து நிலத்துக்காரர் அமைதியாகப் பரணில் உட்கார்ந்திருக்கும்போது நாய்கள் குரைத்துக்கொண்டு ஊடே போனால் அவர் சும்மா இருப்பாரா?

தீனி போட்டு மானை வரவழைப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெக்சாஸில் குறித்த நேரத்துக்கு மக்காச்சோளம் தூவும் இயந்திரங்கள் சர்வசாதாரணம். பல மாநிலங்களில் தடை. பறவைக்கு வலை விரிப்பதுபோல் இது நியாயமில்லை என்பவர்கள் ஒரு பக்கம். தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம் வளர்த்த 'நேர்மையான வேட்டை' என்ற கருத்து இந்த விவாதங்களில் அடிக்கடி தலைகாட்டும். ஆனால் இப்போது வலுவான எதிர்வாதம் நோய்தான். 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட உருக்கிநோய் (கிரானிக் வேஸ்டிங் டிசீஸ்), பிரையான் என்ற பிசகிய புரதத்தால் பரவுவது. மூளையைத் தின்று கொன்றுவிடும், மருந்து கிடையாது. 2002இல் விஸ்கான்சினில் தெரியவந்தது. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் பரவல் எளிது. மிச்சிகன் தன் கீழ்த் தீபகற்பத்தில் 2019 முதல் தீனி போடுவதை நிறுத்தியதற்கு இதுதான் காரணம். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இதுவரை இல்லை. இருந்தாலும் நோய் உறுதியான மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்றே சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். இரவில் விளக்கடித்துக் கண்ணைக் கூசவைத்துச் சுடுவதோ ஏறத்தாழ எங்கும் குற்றம். அதை முறைகளில் ஒன்றாக எண்ணுவதற்கில்லை.

எந்த முறை என்பதைப் பாதி தீர்மானிப்பது ஆயுதம். ரைஃபிள் நூறு, இருநூறு மீட்டரில் வேலை செய்யும். வில் என்றால் 20, 30 மீட்டருக்குள் மான் வர வேண்டும், அதுவும் பக்கவாட்டில் நிற்க வேண்டும். எனவே வில்லாளிகள் பெரும்பாலும் பரணுக்குத்தான் போவார்கள். மிசோரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற கப்பி வைத்த வில், நாணை இழுத்துப் பிடித்திருக்கும் பாரத்தைக் குறைத்து, சாதாரண ஆட்களையும் இந்தப் பக்கம் இழுத்துவந்தது. வில் சீசன் துப்பாக்கி சீசனைவிட நீளமானது என்பதும் ஒரு கவர்ச்சி. மீதிப் பாதியைத் தீர்மானிப்பது நிலம். அயோவாவின் சோள வயல்களுக்கு நடுவே உள்ள சிறு தோப்பில் நடந்து வேட்டையாடினால் அரை மணியில் தோப்பு முடிந்துவிடும், மானும் பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். மெய்னில் பரணில் உட்கார்ந்தால் நாள் முழுக்க ஒரு மானும் வராமல் போகலாம். அங்கே மான் அவ்வளவு சிதறிக் கிடக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அங்குள்ளவர்கள் சொல்வது: வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடி, பெண் மானுக்கான அனுமதிச் சீட்டு வாங்கு, மேய்ச்சல் வயலோரம் தரையில் மறைந்து உட்கார். நின்றுகொண்டு மேயும் மானைக் குறிபார்க்க நேரம் கிடைக்கும், வேண்டாம் என்று விட்டுவிடவும் நேரம் கிடைக்கும். மான் பெருகிய இடங்களில் கூட்டத்தைக் குறைப்பதும் பெண் மான் கணக்குத்தான். கொம்பை மாட்டிவைக்கும் ஆசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுட்ட பிறகு எல்லா முறையும் ஒன்றுதான். உடனே ஓடிப்போய்ப் பார்க்கக் கூடாது. நுரையோடு வெளிர்ச்சிவப்பாக ரத்தம் கிடந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, அரை மணி பொறுத்துத் தடம் பிடித்துப் போகலாம். கருஞ்சிவப்பென்றால் ஈரல், பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சை நிறமும் நாற்றமும் கலந்திருந்தால் குடல், அரை நாள்கூட விட வேண்டியிருக்கும். அவசரப்பட்டுக் கிளப்பிவிட்டால் அடிபட்ட மான் எங்கோ போய்ச் செத்து யாருக்கும் உதவாமல் போகும். இந்த இடத்தில் மட்டும் நாய் திரும்பவும் உள்ளே வருகிறது: நாயை விட்டு மானைக் கலைக்கக் கூடாது என்ற மாநிலங்களில் பலவும், கழுத்துவாரைப் பிடித்துக்கொண்டு அடிபட்ட மானின் ரத்தத் தடத்தைத் தேடிப் போக நாயை அனுமதிக்கின்றன.